சாகசமா, சரிபார்ப்பா?



விமானம் ஆபத்தில் சிக்கிக்கொள்ளும் திரைப்படம் ஒன்றையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். எஞ்சினில் தீப்பிடிக்கும், பயணிகள் அலறுவார்கள், ஒரே ஒரு வீரர் உயிரைத் துச்சமாக மதித்து எல்லோரையும் காப்பாற்றுவார். நாமும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கைதட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். கைதட்டுவதில் தவறில்லை. ஆனால் அந்தப் படங்கள் நம் மனத்தில் ஒரு கருத்தை விதைத்துவிட்டுப் போகின்றன. "பாதுகாப்பு என்பது ஒரு வீரனின் துணிச்சல்" என்பதே அக்கருத்து. அது தவறானது மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட என்பது என் அபிப்பிராயம். அதை உங்களோடு விவாதிக்கவே இக்கட்டுரை.

இவ்வகைப் படங்களில் புகழ்பெற்ற ஒன்று, 1979-ல் சோவியத் நாட்டின் மாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் உருவான 'எகிபாஷ்'. 'விமானக் குழுவினர்' என்பது அதன் பொருள். அலெக்சாந்தர் மித்தா என்பவர் இயக்கியது. முதற்பாதி முழுவதும் விமானக் குழுவினரின் குடும்ப வாழ்க்கை. பின்னர் அவர்கள் நிலநடுக்கத்தால் சீர்குலைந்த மலையூர் ஒன்றுக்கு மீட்புப் பணிக்காகப் போகிறார்கள். எங்கும் தீயும் வெள்ளமுமாக இருக்கும் ஓடுபாதையிலிருந்து டி.யூ.-154 ரக விமானத்தைக் கிளப்புகிறார்கள். விமானத்தின் வால் பகுதி சேதமடைந்திருப்பது வானில் போனபிறகுதான் தெரிகிறது. குழுவினர் இருவர் பறக்கும் விமானத்தின் வெளிப்புறத்துக்கே போய்ப் பழுது பார்க்கிறார்கள்! தரையிறங்கியதும் வால் முறிந்து விழுகிறது. சோவியத் நாட்டில் கோடிக்கணக்கானோர் பார்த்த படம் இது. 2016-ல் ரஷ்யாவில் இதே கதையைத் தழுவி இன்னொரு படமும் வெளிவந்தது.

நல்ல படம்தான். இருந்தாலும் பெளதிகம் படிக்கும் நாம் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

விமானம் வேகத்தைக் குறைத்து, மணிக்கு 400 கிலோமீட்டரில் போவதாக வைத்துக்கொள்வோம். அதாவது நொடிக்குச் சுமார் 110 மீட்டர். தாழ்வான உயரத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1 கிலோகிராம். எதிர்க்காற்று தரும் அழுத்தம், அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி வருவதில் பாதி. இதன்படி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6,000 நியூட்டன் வருகிறது. ஒரு மனிதனின் உடல் அரைச் சதுர மீட்டர் பரப்பைக் காற்றுக்குக் காட்டினால், அவன்மீது விழும் விசை 3,000 நியூட்டன். முந்நூறு கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டதுபோல! அந்த விசைக்கு எதிராகக் கையால் பிடித்துக்கொண்டு பழுது பார்ப்பது சினிமாவில்தான் நடக்கும்.

இது வெறும் காகிதக் கணக்கு அன்று. 1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில் உண்மையிலேயே ஒருவர் வெளியே போனார். சுமார் 17,000 அடி உயரத்தில் விமானி அறையின் முன்கண்ணாடி ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தது. உள்ளே காற்றழுத்தம் அதிகம். வெளியே தரைமட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். வெளியே பாய்ந்த காற்று, தலைமை விமானி டிம் லங்காஸ்டரை இடுப்புவரை வெளியே தள்ளிவிட்டது. பணியாளர்கள் ஓடிவந்து அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவு முயன்றும் அவரை உள்ளே இழுக்க முடியவில்லை. நாம் மேலே கணக்கிட்ட அதே விசைதான் காரணம். துணை விமானி விமானத்தைச் சவுதாம்ப்டனில் இறக்கும்வரை கால்களைப் பிடித்தபடியே இருந்தார்கள். லங்காஸ்டர் உயிர் பிழைத்தார்.

இதில் வீரம் இல்லையா? நிச்சயமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணாடி ஏன் பிய்ந்தது என்று கேட்டுப் பாருங்கள். விமானம் கிளம்புவதற்கு முந்தைய நாள்தான் அந்தக் கண்ணாடி புதிதாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகள் 90. அவற்றுள் 84 போல்ட்டுகளின் விட்டம் வேண்டியதைவிட 0.026 அங்குலம் குறைவு. அதாவது சுமார் 0.66 மில்லிமீட்டர். இரவு நேரத்தில் வேலை பார்த்தவர் பழைய போல்ட்டைக் கையில் வைத்து, கண்ணால் ஒப்பிட்டுப் புதியவற்றை எடுத்திருந்தார். உதிரிபாகங்களின் அட்டவணையைப் பார்க்கவில்லை. ஒரு நிமிடம் அட்டவணையைப் புரட்டியிருந்தால், எவருடைய காலையும் எவரும் பிடித்துத் தொங்கியிருக்க வேண்டியதில்லை.

மறைமலைநகரிலும் சுற்றுவட்டாரத்திலும் வசிக்கும் மாணவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மோட்டார் வண்டிகளுக்கான உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் இது. உங்களில் பலருடைய அப்பாவோ, அண்ணனோ, சித்தப்பாவோ ஷிப்டு முடிந்து வீடு திரும்புகிறவர்கள். அரை மில்லிமீட்டர் என்றால் என்ன என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பாகத்தைத் தேர்வதற்கும் கழித்துப் போடுவதற்கும் அதைவிடச் சிறிய அளவே போதும் என்பார்கள்.

சரி, நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2024 அக்டோபர் 11 மாலையை நினைவுகூருங்கள். திருச்சிராப்பள்ளியிலிருந்து ஷார்ஜாவுக்கு 5.40 மணி அளவில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் கிளம்பியது. அதில் 140-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். கிளம்பிய சிறிது நேரத்தில் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு என்று தெரிந்தது. அடுத்த இரண்டரை மணி நேரம் அவ்விமானம் திருச்சி வட்டாரத்திலேயே வட்டமிட்டது. தொலைக்காட்சிகள் மற்ற நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு அதையே காட்டின. ஓடுபாதையருகே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சுகளும் வரிசை கட்டி நின்றன. தமிழகமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனலாம். இரவு 8.15 மணி அளவில் விமானம் எந்தச் சேதமுமின்றி இறங்கியது.

உடனே இறக்காமல் ஏன் அவ்வளவு நேரம் வட்டமிட்டார்கள்? பலர் அன்று கேட்ட கேள்வி இது. விடை பெளதிகத்தில் இருக்கிறது.

நெடுந்தூரம் போகக் கிளம்பும் விமானத்தின் டாங்கி நிறைய எரிபொருள் இருக்கும். போயிங் 737-800 ரகம் கிளம்பும்போது அதிகபட்சம் சுமார் 79 டன் இருக்கலாம்; இறங்கும்போது சுமார் 66 டன்னுக்கு மேல் இருக்கக்கூடாது. பெரிய விமானங்கள் சிலவற்றில் எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும் வசதி உண்டு; 737-ல் அது கிடையாது. ஆகவே எரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

எடை கூடினால் என்ன ஆகும்? விமானத்தைத் தாங்குவது இறக்கையின் மேலெழுப்பு விசை. அது வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். ஆகவே எடை அதிகமானால், தாங்கி நிற்க வேகத்தின் வர்க்கமும் அதே விகிதத்தில் அதிகமாக வேண்டும். இயக்க ஆற்றல் என்பது நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி வருவதில் பாதி அல்லவா? நிறையும் கூடுகிறது, வேகத்தின் வர்க்கமும் கூடுகிறது. எடை 10 சதவீதம் கூடினால் இயக்க ஆற்றல் 10 அன்று, 21 சதவீதம் கூடிவிடுகிறது. அவ்வளவு ஆற்றலையும் ஓடுபாதையில் பிரேக்குகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். பிரேக்கை இயக்குவதோ, கோளாறு என்று சந்தேகிக்கப்படும் அதே ஹைட்ராலிக் அமைப்பு! ஆகவே விமானிகள் அவசரப்படவில்லை. பொறுமையாக வட்டமிட்டு எடையைக் குறைத்தார்கள். இதில் சாகசம் எங்கே இருக்கிறது? அன்று நடந்ததைத் திரைப்படமாக எடுத்தால் இரண்டரை மணி நேரமும் விமானிகள் பட்டியலைப் படித்து, ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதைத்தான் காட்ட வேண்டும். டிக்கெட் விற்காது!

ஹைட்ராலிக் என்றவுடன் பயந்துவிடாதீர்கள். பட்டறையில் காரைத் தூக்கும் கருவியும், சாலையோரம் மண் அள்ளும் பொக்லைனும் அதே பாஸ்கல் விதியில்தான் வேலை செய்கின்றன. விமானத்தில் சக்கரங்கள், இறக்கை மடிப்புகள், வால் பகுதியின் அசைவுகள் ஆகியவற்றுக்கு அந்தத் திரவத்தின் அழுத்தமே உதவுகிறது. ஒன்று கெட்டால் என்ன செய்வது என்று வடிவமைத்தவர்கள் முன்பே யோசித்திருக்கிறார்கள். 737-ல் இரண்டு முக்கிய அமைப்புகளும், அவசரத்துக்கு ஒரு துணை அமைப்பும் உண்டு. அவை கைவிட்டாலும் விமானி தன் தோள்பலத்தால் கம்பிவடம் வழியாக விமானத்தைத் திருப்பலாம். சக்கரங்களின் பூட்டைக் கையால் விடுவித்தால் அவை தம் சொந்த எடையிலேயே கீழே இறங்கும். புவியீர்ப்பு ஒருநாளும் பழுதாவதில்லை அல்லவா?

ஓர் அமைப்பு ஆயிரத்தில் ஒருமுறை பழுதாகும் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் பழுதாவது பத்து லட்சத்தில் ஒருமுறை. ஆனால் இங்கே ஒரு நிபந்தனை இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். ஒரே காரணம் இரண்டையும் தாக்கினால் இந்தக் கணக்கு செல்லாது.

1976 அக்டோபர் 12 அன்று பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல் விமானத்தில் அதுதான் நடந்தது. எஞ்சினுக்குள் சுழலும் தகடு ஒன்றில் உலோகக் களைப்பால் விரிசல் கண்டிருந்தது. ஒரு கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்து நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடிகிறதல்லவா? அதுபோலத்தான். அத்தகடு உடைந்து எஞ்சினைப் பொத்துக்கொண்டு வெளியேறி எரிபொருள் குழாயை அறுத்தது. தீ மூண்டது. ஹைட்ராலிக் திரவம் வீணாகி, விமானம் விமானியின் கட்டுப்பாட்டை இழந்தது. திரும்பி வந்து இறங்க முயன்ற விமானம் ஓடுபாதையை எட்டவில்லை. அதிலிருந்த 95 பேரும் மாண்டனர். 'பத்ரகாளி' என்ற தமிழ்ப் படத்தில் நடித்துக்கொண்டிருந்த நடிகை ராணி சந்திராவும் அவர்களில் ஒருவர். அந்த விமானிகளுக்குத் துணிச்சல் குறைவா? இல்லை. துணிச்சல் வேலை செய்யும் இடத்தை அந்த விரிசல் முன்பே பறித்துவிட்டிருந்தது.

இப்போது 2024 நிகழ்ச்சியோடு இன்னொன்றை ஒப்பிடுங்கள். அதே திருச்சி; 2018 அக்டோபர் 12 நள்ளிரவு கடந்த நேரம். 136 பேருடன் துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் போதிய உயரம் எழாமல், ஓடுபாதையின் திசையைக் காட்டும் ஆன்டெனாவிலும் விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலும் மோதியது. விமானத்துக்குள் எல்லாம் இயல்பாக இருப்பதுபோலவே தெரிந்ததால் அது தொடர்ந்து சில மணி நேரம் பறந்தது. பிறகு மும்பைக்குத் திருப்பப்பட்டுப் பத்திரமாக இறங்கியது. இறங்கிய பின்னரே அடிப்பகுதி கிழிந்திருந்தது வெளிச்சத்துக்கு வந்தது.

இரண்டில் எது அதிக ஆபத்து? 2024-ல் நாடே நடுங்கியது. ஆனால் ஆபத்து இன்னதென்று தெரிந்திருந்தது. அதைக் கையாளும் வழியும் தெரிந்திருந்தது. 2018-ல் எவரும் நடுங்கவில்லை. பயணிகள் தூங்கிக்கொண்டு போயிருப்பார்கள். சுவர் இன்னும் சற்று உயரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நம் பயத்தின் அளவும் ஆபத்தின் அளவும் ஒன்றல்ல. திரைப்படங்கள் நம் பயத்தைப் பழக்குகின்றன. ஆபத்தை அளக்கக் கற்றுத் தருவதில்லை. அதை அறிவியல்தான் செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் உங்களில் சிலருக்கு ஒரு சந்தேகம் எழலாம். 1976 விபத்து அக்டோபர் 12. 2018 நிகழ்ச்சியும் அக்டோபர் 12. 2024-ல் ஒரு நாள் முன்பு. அதோடு 1976-ல் விழுந்த விமானத்தின் எண் 171. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேரைப் பலிகொண்ட ஏர் இந்தியா விமானத்தின் எண்ணும் 171! அப்படியானால் 12-ஆம் தேதிக்கும் 171 என்ற எண்ணுக்கும் ஏதோ தோஷம் இருக்கிறதா?

நிதானமாக யோசியுங்கள். இந்த நிகழ்ச்சிகளைப் பொறுக்கி எடுத்து உங்கள்முன் வைத்தவன் நான். 2010 மங்களூர் விபத்து மே 22-ல் நடந்தது. மாண்டவர்கள் 158 பேர். 2020 கோழிக்கோடு விபத்து ஆகஸ்டு 7-ல். பம்பாய்க் கடலில் 213 பேருடன் ஏர் இந்தியாவின் ஜம்போ விழுந்தது 1978 ஜனவரி 1-ல். இவற்றின் எண்களும் 171 அல்ல. ஒத்துப்போவதை மட்டும் எண்ணி, ஒத்துப்போகாததை விட்டுவிட்டால் எந்த எண்ணையும் ராசியில்லாத எண்ணாக்கிவிடலாம். இறந்தவர்களுக்கு மரியாதையாக ஒரு விமான எண்ணைக் கைவிடுவது வேறு. விபத்துக்கு அந்த எண்ணே காரணம் என்று நம்புவது வேறு. பின்னதை நம்பத் தொடங்கினால், விரிசலைத் தேடுவதை நிறுத்திவிடுவோம்.

ராசியின்மேல் பழியைப் போடுவது ஒருவகைச் சோம்பல் என்றால், ஆள்மேல் பழியைப் போடுவது இன்னொருவகைச் சோம்பல். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும், விசாரணை தொடங்கும் முன்பே "விமானிதான் காரணம்", "மெக்கானிக்தான் காரணம்" என்று தீர்ப்பு எழுதுவோர் நம்மிடையே பலர். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள் விபத்து விசாரணையின் நோக்கத்தைத் தெளிவாக வரையறுத்திருக்கின்றன. அடுத்த விபத்தைத் தடுப்பது மட்டுமே நோக்கம். எவர்மீதும் குற்றம் சுமத்துவது அன்று. ஏன் அப்படி? தண்டனைக்குப் பயந்தவன் உண்மையை மறைப்பான். உண்மை மறைந்தால் அதே போல்ட், அதே விரிசல் இன்னொரு விமானத்தில் காத்திருக்கும். வேண்டுமென்றே அலட்சியம் செய்தவனுக்குத் தண்டனை வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்; அது நீதிமன்றத்தின் வேலை. காரணத்தைத் தேடும் வேலையை அதனோடு குழப்பக்கூடாது.

இதெல்லாம் விமானத்தில் போகிறவர்களின் கவலை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். கல்லூரி ஆய்வுக்கூடங்களில் தனி ஊசல் சோதனை நடக்கும்போது நான் பல ஆண்டுகளாகக் கவனித்து வரும் ஒன்றைச் சொல்கிறேன். புவியீர்ப்பு முடுக்கத்துக்கு மாணவருக்கு 940 கிடைக்கும். ரெக்கார்டு நோட்டில் 980 என்று எழுதுவார். அலைவு நேரத்தைப் பின்னாலிருந்து திருத்திக்கொண்டு வருவார். மதிப்பெண் போய்விடுமே என்ற பயம்! 940 வந்ததற்கு ஒரு காரணம் இருக்கும். நூலின் நீளத்தைத் தவறாக அளந்திருக்கலாம். அலைவுகளை எண்ணுவதில் ஒன்று விட்டுப்போயிருக்கலாம். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் சோதனை. 980 என்று எழுதிய கணத்தில் அது போய்விட்டது. அப்படி எழுதிப் பழகிய கை நாளைக்குத் தொழிற்சாலையில் சோதனை அறிக்கையை நிரப்பும். பார்க்காத போல்ட்டுக்கு நேராக "சரி" என்று குறி போடும். அந்தப் போல்ட் பேருந்திலோ ரயிலிலோ விமானத்திலோ போய்ச் சேரும்.

பழியில் பாதி மாணவருடையது. மறுபாதி எங்களைப் போன்ற ஆசிரியர்களுடையது. 980-க்கு முழு மதிப்பெண்ணும், காரணம் விளக்கப்பட்ட 940-க்குக் குறைந்த மதிப்பெண்ணும் கொடுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தொழிற்சாலைகளிலும் அப்படியே. "இந்தத் தொகுதியில் ஏதோ தவறு இருக்கிறது" என்று கையைத் தூக்கும் தொழிலாளிக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும், கேள்விகள் பிறகு. உற்பத்தி தாமதமாகிறதே என்று அவரைக் கடிந்துகொள்ளும் இடத்தில் அடுத்த முறை எவரும் கையைத் தூக்கமாட்டார்கள்.

வீரமே தேவையில்லை என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். எல்லா வேலிகளும் தாண்டப்பட்டபின், லங்காஸ்டரின் கால்களைப் பிடித்துக்கொண்டவர்களின் உறுதி தேவைப்பட்டது. ஆனால் எல்லார் முன்னிலையிலும் "சார், என் விடை சரியாக வரவில்லை, ஏன் என்று பார்க்க வேண்டும்" என்று சொல்வதற்கும் துணிச்சல் வேண்டும். அதற்குப் பின்னணி இசை கிடையாது, கைதட்டலும் கிடையாது.

ஆகவே உங்களுக்கு இரண்டு வேலைகள் தருகிறேன். முதலாவது, அடுத்த சோதனையில் கிடைத்த அளவை அப்படியே எழுதுங்கள். வேறுபாடு இருந்தால் அதற்கான காரணத்தை அடியில் இரண்டு வரியில் எழுதுங்கள். இரண்டாவது, பள்ளிப் பேருந்தில் ஆடும் இருக்கையோ, வகுப்பறையில் தொங்கும் மின்கம்பியோ, சைக்கிளில் தளர்ந்த பிரேக்கோ கண்ணில் பட்டால் அன்றே உரியவரிடம் சொல்லுங்கள். சரிசெய்யவில்லை என்றால் மறுநாளும் சொல்லுங்கள். மீனம்பாக்கத்தை நோக்கி இறங்கும் விமானங்கள் நம் வட்டார வானில் கண்ணில் படும்போதெல்லாம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கோ ஓர் இரவு ஷிப்டில் ஒருவர் அட்டவணையைப் புரட்டிப் பார்த்துச் சரியான போல்ட்டை எடுத்து மாட்டியதால்தான் அதிலிருப்பவர்கள் வீடு போய்ச் சேர்கிறார்கள்.